ஐந்து தடவை அழித்துப் போட்டும் அதே கதை

பழைய கம்ப்யூட்டரில் புது பிரவுசர் போட்டேன், பட்டென்று மூடிக்கொள்கிறது என்று இந்தத் தடவை கட்டுக்கட்டாகக் கடிதங்கள். எல்லாவற்றையும் போட இடமில்லை. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் உள்ளே வெவ்வேறு கோளாறாக இருக்கும் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். பலரும் எழுத மறந்த விஷயம் ஒன்று உண்டு: எப்போது மூடிக்கொள்கிறது? சொடுக்கிய நொடியிலா, ஜன்னல் வந்த பிறகா, அரை மணி கழித்தா? பாதி வைத்தியம் அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

கேள்வி: மேடம், நான் பணி ஓய்வு பெற்றவன். விண்டோஸ் 7, 2 ஜிபி ரேம் உள்ள லேப்டாப் வைத்திருக்கிறேன். பல தளங்கள் சரியாகத் திறக்கவில்லை என்று சொன்னதால், மருமகன் தன் புதுக் கம்ப்யூட்டரிலிருந்து குரோமை ஃபோல்டரோடு பென்டிரைவில் காப்பி செய்து வந்து போட்டார். என் புக்மார்க்குகளும் வரட்டும் என்று 'யூசர் டேட்டா' ஃபோல்டரையும் சேர்த்தே கொண்டுவந்தார். சொடுக்கினால் 'என்ட்ரி பாயின்ட்' கிடைக்கவில்லை என்று ஒரு பெட்டி வந்து நின்றுவிடுகிறது. ஐந்து தடவை அழித்துப் போட்டேன். அதே கதைதான். பிறகு ஒருவர் சொல்லி 109 என்ற பழைய பதிப்பைப் போட்டேன். அது திறக்கிறது, ஆனால் புரொஃபைல் புதிய பதிப்பைச் சேர்ந்தது என்று ஏதோ சொல்கிறது, இரண்டு நிமிடத்தில் மூடியும் விடுகிறது. லேப்டாப்பைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம் ஐயா. உங்களுக்கு வந்திருப்பது ஒரு வியாதி இல்லை, இரண்டு, ஒருவேளை மூன்று. ஒன்றின் மேல் ஒன்றாக ஏறி உட்கார்ந்திருப்பதால்தான் இவ்வளவு குழப்பம்.

முதலில் அந்த 'என்ட்ரி பாயின்ட்' பெட்டி. புரோகிராம் ஒவ்வொன்றும் விண்டோஸிடம் பெயர் சொல்லி வேலை கேட்கும். மருமகன் கொண்டுவந்த குரோம் கேட்ட பெயர் விண்டோஸ் 10-இல் உண்டு, 7-இல் கிடையாது. விண்டோஸ் 7, 8, 8.1 மூன்றிலும் ஓடிய கடைசி குரோம் 109. 2023 பிப்ரவரியில் வந்த 110 முதல் விண்டோஸ் 10-ஓ அதற்குப் புதியதோ இருந்தால்தான் ஓடும். முறையான இன்ஸ்டாலராக இருந்தால் வாசலிலேயே நிறுத்தி "இங்கே ஒத்துவராது" என்று சொல்லியிருக்கும். ஃபோல்டரைக் காப்பி செய்து வந்ததால் வாசலைத் தாண்டி உள்ளே வந்து மாட்டிக்கொண்டது. ஐம்பது தடவை போட்டாலும் ஓடாது.

இரண்டாவது, அந்த 'யூசர் டேட்டா'. பிரவுசரை அன்இன்ஸ்டால் செய்தால் புரோகிராம் மட்டும்தான் போகும். புக்மார்க், ஹிஸ்டரி, எக்ஸ்டென்ஷன், செட்டிங்ஸ் எல்லாம் வேறு இடத்தில் ஒரு ஃபோல்டரில் அப்படியே இருக்கும். இதைத்தான் புரொஃபைல் என்கிறார்கள். கோளாறு அதில் இருந்தால், எத்தனை முறை அழித்துப் போட்டாலும் புது பிரவுசர் வந்ததும் அதே கெட்டுப்போன ஃபோல்டரைத்தான் எடுத்துப் படிக்கும். "அழித்துப் போட்டுப் பார்த்துவிட்டேன்" என்று யாராவது பெருமையாகச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வருவது இதனால்தான். உங்கள் விஷயத்தில் புதிய குரோம் எழுதி வைத்த ஃபோல்டரைப் பழைய 109 படிக்கிறது. அதற்குப் புரியாத விஷயங்கள் அதில் ஏராளம். அது எச்சரித்தது சரிதான். ஃபயர்ஃபாக்ஸ் இன்னும் கறார். 67-வது பதிப்பிலிருந்து, புதிய பதிப்பின் புரொஃபைலைப் பழைய பதிப்பில் திறக்கவே விடாது.

இப்படிச் செய்யுங்கள். குரோமை மூடிவிட்டு, விண்டோஸ் பொத்தானையும் 'ஆர்' எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் 'லோக்கல்ஆப்டேட்டா' என்ற சொல்லை இடைவெளி இல்லாமல், முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டு ஆங்கிலத்தில் தட்டுங்கள். திறக்கும் ஃபோல்டரில் கூகுள், அதற்குள் குரோம், அதற்குள் 'யூசர் டேட்டா'. அதன் பெயரை மட்டும் மாற்றுங்கள். பெயருக்குப் பின்னால் 'பழசு' என்று சேர்த்தால் போதும். அழிக்காதீர்கள்.

அழிக்காதீர்கள் என்று நான் அழுத்திச் சொல்ல ஒரு காரணம் உண்டு. ரிப்பேர் வேலைக்கு வந்த புதிதில், மூடிக்கொண்டே இருந்த ஒரு பிரவுசரைச் சரிசெய்கிறேன் என்று அந்த ஃபோல்டரை அழித்தேன். பிரவுசர் ஜோராக ஓடியது. கம்ப்யூட்டரின் சொந்தக்காரர் வந்து பார்த்துவிட்டு, ஒன்பது வருடமாகச் சேர்த்து வைத்த புக்மார்க்குகள் எங்கே என்று கேட்டார். அவர் கோபப்படக்கூட இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எதையும் அழிப்பதில்லை, பெயர் மாற்றுவதோடு சரி.

உங்கள் புக்மார்க்குகளுக்கு மருமகனிடம் சொல்லி, அவர் குரோமின் புக்மார்க் மேனேஜரில் 'எக்ஸ்போர்ட்' செய்து ஒரே ஒரு கோப்பாக வாங்கிக்கொள்ளுங்கள். எந்த பிரவுசரும் அதைப் படிக்கும். ஃபோல்டரைக் காப்பி செய்தால் பாஸ்வேர்டுகளும் வரும் என்று நம்பியிருந்தால் வராது. அவை அந்தக் கம்ப்யூட்டரின் விண்டோஸ் கணக்கோடு சேர்த்துப் பூட்டப்பட்டவை.

இதற்குப் பிறகும் இரண்டு நிமிடத்தில் மூடினால், அதுதான் மூன்றாவது வியாதி. அதைக் கண்டுபிடிக்க ஊகம் வேண்டாம், விண்டோஸே எழுதி வைத்திருக்கும். ஸ்டார்ட் மெனுவில் 'ஈவென்ட் வியூவர்' என்று தேடித் திறங்கள். 'விண்டோஸ் லாக்ஸ்', அதன் கீழ் 'அப்ளிகேஷன்'. மூடிக்கொண்ட நேரத்துக்கு நேராகச் சிவப்பு அடையாளத்தோடு 1000 என்ற எண் உள்ள வரி இருக்கிறதா பாருங்கள். சொடுக்கினால் இரண்டு விஷயங்கள் முக்கியம்: 'ஃபால்ட்டிங் மாட்யூல்' என்ற பெயரும் (எந்தக் கோப்பில் கோளாறு நடந்தது என்று சொல்வது), 'எக்ஸெப்ஷன் கோட்' என்ற நீளமான எண்ணும் (என்ன வகைக் கோளாறு என்று சொல்வது).

எண்ணில் கடைசி இரண்டு இடம் மட்டும் போதும். 05 என்றால், புரோகிராம் தனக்குச் சொந்தமில்லாத நினைவக இடத்தில் கை வைத்திருக்கிறது. அடிக்கடி வருவது இதுதான். ஆனால் இது மட்டும் தெரிந்து பயனில்லை, கூடவே மாட்யூல் பெயரைப் பார்க்க வேண்டும். அது ஆங்கிலத்தில் 'ஐஜி' என்று தொடங்கினால் இன்டெல் கிராஃபிக்ஸ் டிரைவர் (திரையில் வரையும் சிப்பை விண்டோஸோடு பேச வைக்கும் புரோகிராம்), 'என்வி' என்றால் என்விடியா, 'ஏடிஐ' என்றால் ஏஎம்டி. ஆன்டிவைரஸின் பெயர் எட்டிப் பார்த்தால், அது பிரவுசருக்குள் தன் கோப்பை நுழைத்து வைத்திருக்கிறது என்று அர்த்தம். பழைய கம்ப்யூட்டர்களில் சந்தா முடிந்து பல வருடம் ஆன ஆன்டிவைரஸ் இப்படிக் குடியிருப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன். அதை முழுதாக நீக்குங்கள். கடைசியில் 35 என்றால் ஏதோ ஒரு கோப்பே இல்லை. 1டி என்றால் அது வேறு கதை, கீழே இன்னொரு வாசகருக்கு எழுதியிருக்கிறேன், பாருங்கள். லாகில் ஒன்றுமே இல்லையென்றால் பிரவுசர் தானே குறித்து வைத்திருக்கலாம். முகவரிப் பட்டையில் ஃபயர்ஃபாக்ஸ் என்றால் 'அபவுட்', குரோம் என்றால் 'குரோம்' என்று தட்டி, முக்காற்புள்ளி வைத்து (குரோமில் அதோடு இரண்டு சாய்கோடும்), 'கிராஷஸ்' என்று சேர்த்துப் பாருங்கள்.

கடைசியாக, விண்டோஸ் 7-ஐ விட முடியாது என்றால் குரோம் 109-ஐவிட ஃபயர்ஃபாக்ஸ் 115-இன் நீண்டகால ஆதரவுப் பதிப்பைத்தான் சொல்வேன். பழைய விண்டோஸ் வைத்திருப்பவர்களுக்காகவே அதற்குப் பாதுகாப்புத் திருத்தம் தரும் காலத்தை மோஸில்லா ஒன்றுக்கு மேற்பட்ட முறை நீட்டித்தது. குரோம் 109 அப்படியே நின்றுவிட்டது. எதைப் போட்டாலும் அந்த லேப்டாப்பில் வங்கி வேலை மட்டும் வேண்டாம். விண்டோஸ் 7-க்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்த பொதுவான ஆதரவு 2020 ஜனவரி 14-ஆம் தேதியே முடிந்துவிட்டது.

கேள்வி: அக்கா, கல்லூரியில் படிக்கிறேன். அண்ணன் கொடுத்த பழைய லேப்டாப், இரண்டாம் தலைமுறை கோர் ஐ5, விண்டோஸ் 10. பிரவுசர் திறக்கும், ஆனால் ஜன்னல் முழுக்கக் கறுப்பு. சில சமயம் மெனு மட்டும் மின்னி மின்னி வரும். வீடியோ போட்டால் உடனே மூடிவிடுகிறது. வேறு பிரவுசர் போட்டாலும் இதேதான்.

பதில்: வேறு பிரவுசரிலும் இதே என்று எழுதினாயே, அந்த ஒரு வரி போதும். பிரவுசர் குற்றவாளி இல்லை. கிராஃபிக்ஸ் டிரைவர்தான்.

2011 வாக்கிலிருந்து பிரவுசர்கள் பக்கத்தை வரையும் வேலையைக் கிராஃபிக்ஸ் சிப்பிடம் ஒப்படைக்கத் தொடங்கின. இதற்குப் பெயர்தான் ஆக்ஸிலரேஷன். அந்த வருடம் மார்ச்சில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 4-இல் இது பெரிய அம்சம். நல்ல டிரைவர் இருந்தால் வேகம் கூடும். உன் லேப்டாப்பில் அநேகமாக இன்டெல் எச்டி 3000 இருக்கும். அது விண்டோஸ் 7 காலத்துச் சிப். அதன் டிரைவரும் அந்தக் காலத்ததுதான், விண்டோஸ் 10-இல் எப்படியோ ஒட்டிக்கொண்டு ஓடுகிறது. வேர்டும் எக்செலும் அந்தச் சிப்பை அவ்வளவாகத் தொந்தரவு செய்யாது. பிரவுசர்தான் அதை உலுக்கி எடுக்கும். அதனால் பழியும் பிரவுசருக்கே.

குரோமில் செட்டிங்ஸ், சிஸ்டம் என்று போய் 'கிராஃபிக்ஸ் ஆக்ஸிலரேஷன்' என்பதை அணைத்துவிட்டு ரீஸ்டார்ட் செய். ஃபயர்ஃபாக்ஸில் ஜெனரல் பகுதியில் 'பெர்ஃபார்மன்ஸ்' கீழே பரிந்துரைத்த அமைப்பு என்ற டிக்கை எடுத்தால், 'ஹார்ட்வேர் ஆக்ஸிலரேஷன்' டிக் வெளியே வரும். அதையும் எடு.

செட்டிங்ஸ் போகவே முடியாத அளவுக்குக் கறுப்பாக இருந்தால்? ஃபயர்ஃபாக்ஸ் என்றால் ஷிஃப்ட் பொத்தானைப் பிடித்துக்கொண்டே ஐகானைச் சொடுக்கு. 'டிரபிள்ஷூட் மோட்' கேட்கும், சரி என்று சொல். எக்ஸ்டென்ஷன், தீம், ஆக்ஸிலரேஷன் எல்லாம் அணைந்த நிலையில் திறக்கும். குரோமுக்கு, டெஸ்க்டாப் ஷார்ட்கட்டில் வலது சொடுக்கு, 'பிராப்பர்ட்டீஸ்', அதில் 'டார்கெட்' பெட்டி. கடைசி மேற்கோள் குறிக்குப் பிறகு ஓர் இடைவெளி விட்டு, இரண்டு சின்னக் கோடு, 'டிசேபிள்', ஒரு கோடு, 'ஜிபியு' என்று ஆங்கிலத்தில் சேர். மேற்கோளுக்கு உள்ளே எழுதினால் வேலை செய்யாது. அங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள்.

இதனால் வீடியோ கொஞ்சம் தடுமாறும், விசிறி அதிகம் சுற்றும், ஏனென்றால் வரையும் வேலை இப்போது பிராசஸர் தலையில். ஆனால் மூடாது. பிறகு நிதானமாக லேப்டாப் தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உன் மாடலுக்கு உரிய டிரைவரைத் தேடிப் பார். விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு தொடங்கிய தொல்லை என்றால், டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' வெளிச்சமாக இருக்கிறதா பார்த்து அழுத்து. 'டிரைவர் அப்டேட்டர்' என்று இலவசமாகக் கூவி விற்கும் புரோகிராம்கள் பக்கம் போகாதே.

கேள்வி: எங்கள் கம்ப்யூட்டரில் பிரவுசர் அரை மணி நேரம் நன்றாக ஓடி, பிறகு மூடிவிடுகிறது. ஈவென்ட் வியூவர் எல்லாம் பார்த்தாயிற்று. ஒவ்வொரு தடவையும் வேறு வேறு மாட்யூல் பெயர். தலை சுற்றுகிறது.

பதில்: அப்பாடா, லாக் பார்த்துவிட்டு எழுதிய ஒரு வாசகர்!

ஒரே மாட்யூல் திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் புரோகிராமைச் சந்தேகப்படலாம். ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு பெயர் வந்தால் எனக்கு முதல் சந்தேகம் ரேம் மேல். கெட்டுப்போன ஓர் இடத்தில் இன்றைக்கு யார் உட்காருகிறார்களோ அவர்கள் விழுவார்கள். டேப் மேல் டேப் திறந்து ரேமின் மூலை முடுக்கெல்லாம் நிரப்புவது பிரவுசர்தான் என்பதால் முதல் பலியும் அதுவே. அரை மணி ஆவதும் அதனால்தான், நிரம்ப நேரம் எடுக்கிறது. விண்டோஸிலேயே 'மெமரி டயக்னாஸ்டிக்' இருக்கிறது. ராத்திரி படுக்கப் போகும்போது ஓட விடுங்கள். பிழை காட்டினால், மின்சாரத்தைத் துண்டித்து ரேம் துண்டுகளைக் கழற்றித் திரும்ப அழுத்தி மாட்டுங்கள். இரண்டு துண்டு இருந்தால் ஒன்றை மட்டும் வைத்து ஒரு நாள், மற்றதை வைத்து ஒரு நாள் ஓட்டுங்கள். எது கெட்டது என்று தானே தெரிந்துவிடும்.

ரேம் சுத்தம் என்று வந்தால் 'பேஜ் ஃபைல்' பாருங்கள், அதாவது ரேம் போதாதபோது விண்டோஸ் டிஸ்கில் எடுத்துக்கொள்ளும் இடம். வேகம் கூடும் என்று யாரோ சொல்லி அதை அணைத்து வைத்தவர்கள் உண்டு. அது இல்லாமல் 2 ஜிபி, 4 ஜிபி ரேமில் இன்றைய பிரவுசர் தாக்குப்பிடிக்காது. அளவை விண்டோஸ் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுங்கள்.

சூட்டினாலா என்று சிலர் கேட்பார்கள். சூடு அதிகமானால் பெரும்பாலும் கம்ப்யூட்டரே பொட்டென்று அணையும், பிரவுசர் மட்டும் மூடாது.

கேள்வி: மிகப் பழைய டெஸ்க்டாப். புது குரோம் போட்டால் சத்தமே இல்லை. ஐகானைச் சொடுக்கினால் ஒன்றும் வருவதில்லை. நீங்கள் முன்பு எழுதியபடி லாக் பார்த்தேன், வேறொரு பிரவுசருக்கு 1டி என்று முடியும் எண் இருந்தது.

பதில்: 1டி என்றால், பிராசஸருக்குத் தெரியாத ஒரு கட்டளையை புரோகிராம் கொடுத்துவிட்டது. இதற்கு மருந்து கிடையாது. 2021 மார்ச்சில் வந்த குரோம் 89 முதல், எஸ்எஸ்இ3 என்ற கட்டளைத் தொகுப்பு உள்ள பிராசஸர் கட்டாயம். இன்டெலில் அது 2004-இல் வந்த பென்டியம் 4 வகையிலிருந்துதான் உண்டு. அதற்கு முந்தைய பென்டியம் 4, பென்டியம் 3, ஏஎம்டியின் அத்லான் எக்ஸ்பி எதிலும் இல்லை. உங்களுடையது அத்லான் எக்ஸ்பி என்றால் அதற்கு முந்தைய தொகுப்பான எஸ்எஸ்இ2-கூடக் கிடையாது, ஃபயர்ஃபாக்ஸும் கைவிட்டுவிடும். ரேம் போடுவதோ விண்டோஸ் மாற்றுவதோ வீண் செலவு. அந்தக் கம்ப்யூட்டர் பாட்டு கேட்கவும் பழைய விளையாட்டு ஆடவும் இருக்கட்டும்.

கேள்வி: கிராஷ் இல்லை, ஆனால் பழைய ஃபயர்ஃபாக்ஸில் எக்ஸ்டென்ஷன் எல்லாம் ஒன்றாகச் செத்துவிட்டன. வைரஸா?

பதில்: இல்லை. எக்ஸ்டென்ஷன்களுக்குக் கையெழுத்துப் போடும் மோஸில்லாவின் ஒரு சான்றிதழ் 2025 மார்ச் 14-ஆம் தேதி காலாவதியானது. 128-க்கு முந்தைய பதிப்புகளும், நீண்டகால ஆதரவு வரிசையில் 115.13-க்கு முந்தையவையும் மாட்டிக்கொண்டன. மேம்படுத்தினால் சரியாகும்.

கேள்வி: எந்தத் தளம் போனாலும் 'பாதுகாப்பில்லை' என்று வருகிறது. கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டால் தேதி பல வருடம் பின்னால் போய்விடுகிறது.

பதில்: பதிலை நீங்களே எழுதிவிட்டீர்கள். மதர்போர்டில் காசு அளவில் ஒரு பேட்டரி இருக்கும், பெரும்பாலும் சிஆர் 2032. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது தேதியைக் காப்பது அதுதான், அது தீர்ந்துவிட்டது. பிரவுசர் உங்கள் தேதியைப் பார்த்து, தளத்தின் சான்றிதழ் இன்னும் செல்லுபடியாகத் தொடங்கவே இல்லை என்று நினைக்கிறது.

கேள்வி: பழைய கம்ப்யூட்டரில் ஓடாமல் செய்வது நம்மைப் புதிது வாங்க வைக்கத்தானே?

பதில்: எனக்கும் எரிச்சல் உண்டு. என் மேஜையில் நல்ல விசைப்பலகையோடு ஒரு பழைய லேப்டாப் சும்மா கிடக்கிறது. ஆனால் மைக்ரோசாஃப்டே திருத்தம் தராத விண்டோஸில் தன் பிரவுசரை ஒவ்வொரு மாதமும் சோதித்துப் பார்க்க எந்த நிறுவனத்துக்கும் மனசு வராது. ஓட்டை கீழே இருக்கும்போது மேலே பூட்டுப் போட்டு என்ன பயன் என்று கேட்பார்கள். பாதி நியாயம், பாதி சோம்பல் என்பேன். எரிச்சல் வருவது, ஓடாது என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் வெறுமனே மூடிக்கொள்ளும்போதுதான்.

கேள்வி: எல்லாம் செய்து பார்த்துவிட்டேன். புரொஃபைல் மாற்றினேன், ஆக்ஸிலரேஷன் அணைத்தேன், ஆன்டிவைரஸ் நீக்கினேன். இன்னும் மூடுகிறது. கோளாறு கம்ப்யூட்டரிலா, விண்டோஸிலா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஒரு பென்டிரைவ் போதும். இலகுவான லினக்ஸ் ஒன்றை அதில் எழுதி, கம்ப்யூட்டரை அதிலிருந்து தொடங்குங்கள். எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம். 'டிரை' அல்லது 'லைவ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் ஹார்ட் டிஸ்கைத் தொடாமலேயே ஓடும். அதோடு வரும் பிரவுசரைத் திறந்து, விண்டோஸில் எந்த வேலையின்போது மூடியதோ அதே வேலையை அதே அளவு நேரம் செய்து பாருங்கள். 2 ஜிபி ரேம் என்றால் மட்டும் டேப்களைக் குறைத்துக்கொள்ளுங்கள், லைவ் முறையில் ரேமின் ஒரு பங்கை லினக்ஸே எடுத்துக்கொள்ளும்.

அதிலும் மூடினால் ரேம், சிப், மதர்போர்டு என்று உறுப்புகளைத்தான் பார்க்க வேண்டும். மூடவில்லையென்றால் கோளாறு விண்டோஸ் பக்கம்தான். மறுபடி விண்டோஸ் போடுவதா, அந்த லினக்ஸையே வைத்துக்கொள்வதா என்பது உங்கள் விருப்பம். லினக்ஸ் பக்கம் சாய்ந்தால் முதலில் ஒன்றைப் பாருங்கள்: 32 பிட் விண்டோஸ் ஓடுகிறது என்பதால் பிராசஸரும் 32 பிட் என்று அர்த்தமில்லை. கோர் 2 டுயோ வைத்துக்கொண்டு 32 பிட் விண்டோஸிலேயே காலம் தள்ளியவர்கள் நிறையப் பேர், ஆனால் அது 64 பிட் சிப். லினக்ஸ் உலகிலும் 32 பிட்டுக்கு இடம் குறைந்து வருகிறது. டெபியன்கூட 2025 ஆகஸ்டில் வந்த 13-வது பதிப்பில் 32 பிட் பிசிக்கான இன்ஸ்டாலரை நிறுத்திவிட்டது. அதனால் பென்டிரைவில் எழுதும்போது முதலில் 64 பிட்டையே எழுதிப் பாருங்கள். பிராசஸருக்கு ஒத்துவராவிட்டால் தொடங்கும்போதே அது சொல்லிவிடும்.